கடற்கரை ஊரில் குட்டைக்குழல் ரிவால்வர்: சுடுவதும் வைத்துக்கொள்வதும்

கீழக்கரைப் பக்கம் நண்டு, கருவாடு வியாபாரம் செய்கிற ஒருவரின் கேள்வி இது. ஏலம் முடிந்து ரொக்கத்தோடு இருட்டில் திரும்ப வேண்டியிருக்கிறது, லைசென்ஸ் கிடைத்துவிட்டது. குட்டைக்குழல் .32 (குழலின் உள்ளளவு, அங்குலத்தில்) ரிவால்வர் வாங்கலாமா? அவ்வளவு சின்னக் குழலில் குறி நிற்குமா? வேட்டி, கைலி கட்டுகிறவர் அதை எங்கே வைப்பது? உப்புக்காற்றில் எப்படிக் காப்பது?

குறியிலிருந்து தொடங்குவோம். குழல் குட்டை என்பதால் தோட்டா தறிகெட்டுப் போவதில்லை. நல்ல நிலையில் இருக்கும் குட்டை ரிவால்வரை ஆடாத பிடிமானத்தில் வைத்து ஒரு கைதேர்ந்தவர் சுட்டால் பத்து மீட்டரில் ஆறு தோட்டாவும் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கும். அதே துப்பாக்கியைப் புதியவர் கையில் கொடுத்தால் ஐந்து மீட்டரில் இலக்கு அட்டையையே தவறவிடுவார். இதற்கு இரண்டு காரணம்.

முதலாவது, குறி பார்க்கத் துப்பாக்கியின் மேலே இருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள தூரம். குட்டை ரிவால்வரில் இது சுமார் 100 மில்லிமீட்டர். முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் ஏழு மீட்டரில் தோட்டா 70 மில்லிமீட்டர் விலகி விழும். குறிகளுக்கு நடுவே 150 மில்லிமீட்டர் இருக்கும் நீளக் குழலில் அதே தவறு 47 மில்லிமீட்டரோடு நிற்கும். ஆகவே குட்டைக்குழல் தன் பங்குக்குத் தவறு செய்வதில்லை, உங்கள் தவறைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

இரண்டாவதுதான் பெரிய காரணம். ஹேமரை, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தியலை, கட்டைவிரலால் பின்னால் இழுக்காமல் நேரே ட்ரிக்கரை இழுத்துச் சுடுவது டபுள் ஆக்‌ஷன். அதற்கு ஏறத்தாழ ஐந்து கிலோ விசை வேண்டும். துப்பாக்கியின் எடையோ அரைக் கிலோவிலிருந்து எழுநூறு கிராம்வரை. தன் எடையைப்போல ஏழு, பத்து மடங்கு விசையை ஒற்றை விரல் கொடுக்கும்போது பொருள் அசையாமல் இருக்க வேண்டும் என்றால், மற்ற விரல்களும் இன்னொரு கையும் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். குட்டை ரிவால்வர் சுடும் கலை முழுவதும் இதுதான். சின்னதாக இருப்பதால் வீட்டுப் பெண்களுக்கும் புதியவர்களுக்கும் ஏற்றது என்று கடையில் சொல்வதை நம்பி வாங்காதீர்கள். இடுப்பில் வைக்க எளிது, சுடக் கற்பதற்குக் கடினம்.

நம் நாட்டில் கிடைப்பது என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் 1927-இல் வந்த கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷலும், 1950-இல் வந்த ஸ்மித் அண்ட் வெசன் சீஃப்ஸ் ஸ்பெஷலும்தான் இந்த வகைக்கு அச்சு. இரண்டும் .38. இந்தியாவில் .38, .455, 9 மி.மீ. எல்லாம் தடை செய்யப்பட்ட அளவுகள். பொதுமக்களுக்குப் பெரும்பாலும் .32 ஸ்மித் அண்ட் வெசன் லாங் தோட்டாதான். கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் பழைய .32, டைட்டானியம் கலவையில் செய்து 2014-இல் வெளிவந்த சுமார் 500 கிராம் எடையுள்ள நிர்பீக் இரண்டும் வெப்லி என்ற பழைய பிரிட்டிஷ் ரிவால்வரின் வழியில் நடுவே மடிந்து திறப்பவை. 2023-இல் வந்த பிரபல், தோட்டாக்களை வைக்கும் சுழல் உருளையான சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும் வகை. அதன் குழல் 76 மி.மீ., எடை சுமார் 700 கிராம். பழைய இறக்குமதித் துப்பாக்கிகள் கைமாறி வரும். விலை அதிகம், பழுதானால் உதிரிபாகம் கிடைக்காது.

.32 லாங் தோட்டா வலு குறைந்தது என்று குறைபடுகிறவர்கள் உண்டு. உண்மைதான். ஆறு கிராம் சொச்சம் ஈயம், நொடிக்கு 200 மீட்டரைச் சற்றுத் தாண்டும் வேகம். ஆனால் இவ்வளவு இலேசான துப்பாக்கியில் உதை குறைவாக இருப்பது பெரிய வரம். உதைக்குப் பயந்து கண்ணை மூடுகிறவரின் .38-ஐவிட, முன்குறியைப் பார்த்துச் சுடுகிறவரின் .32 மேல்.

பிடிக்கு வருவோம். வலது கை பிடியின் உச்சியில், ஹேமருக்குக் கீழே தோல் சற்று மடியும் அளவுக்கு மேலே ஏற வேண்டும். கீழே பிடித்தால் ஒவ்வொரு வெடிக்கும் முனை எகிறும், அடுத்த இழுப்புக்குக் கையை மாற்றிப் பிடிக்க வேண்டிவரும். குட்டைப் பிடியில் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது. அதை அடியில் மடக்கிக்கொள்ளுங்கள், தொங்கவிடாதீர்கள். கட்டைவிரல் கீழ்நோக்கி மடங்கி நடுவிரலைத் தொட வேண்டும். இடது கை வலது விரல்களின் மேல் சுற்றி வந்து, அதன் கட்டைவிரல் வலது கட்டைவிரலின் மேல் படிய வேண்டும். பிஸ்டல் சுடுகிறவர்கள் இரண்டு கட்டைவிரலையும் முன்னால் நீட்டுவார்கள். ரிவால்வரில் அப்படி நீட்டினால் சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே உள்ள இடுக்கு வழியாகப் பக்கவாட்டில் பீய்ச்சும் சூடான வாயுவும் ஈயத் துணுக்கும் விரலைக் கிழிக்கும். அந்த இடுக்கு 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும், ஆனால் அதன் எதிரே எந்த விரலும் எப்போதும் வரக் கூடாது. குழல் குட்டை என்பதால் இடது கை விரல் முனைக்கு முன்னால் போய்விடும் ஆபத்தும் உண்டு.

எவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பது? கை நடுங்கத் தொடங்கும் அளவுக்கு இறுக்கி, அதிலிருந்து ஒரு சொட்டுத் தளர்த்துங்கள். ட்ரிக்கர் விரல் வேலை செய்யும்போது மற்ற நான்கு விரலின் இறுக்கம் மாறக் கூடாது. மாறினால் வலக்கைக்காரருக்குத் தோட்டா கீழே இடப்பக்கம் போகும்.

விரலின் எந்தப் பகுதி ட்ரிக்கரில் இருக்க வேண்டும் என்பதற்கு வேதம் எதுவும் இல்லை. ரைபிள் சுடுகிறவர்கள் விரல் நுனியின் சதையை வைக்கச் சொல்வார்கள். ஐந்து கிலோ இழுப்புக்கு நுனிச்சதை போதாது. முதல் கணுவின் மடிப்பை வைத்தால் நெம்பு கிடைக்கும். காலித் துப்பாக்கியில் இரண்டையும் செய்து பார்த்து, ஹேமர் விழும்போது முன்குறி எதில் அசையவில்லையோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இழுப்பு ஒரே வேகத்தில், நிற்காமல், ட்ரிக்கர் பின்னால் முட்டும்வரை போக வேண்டும். பாதிவரை இழுத்து நிறுத்தி, குறி பார்த்து, மீதியைப் பட்டென்று இழுக்கிற பழக்கம் பலருக்கு வந்துவிடுகிறது. அந்தக் கடைசிப் பட்டில்தான் குறி கெடுகிறது. சுட்டபின் ட்ரிக்கரை முழுவதும் முன்னால் வரவிட வேண்டும். பாதியில் மறுபடி இழுத்தால் சில துப்பாக்கிகளில் சிலிண்டர் சுற்றி, வெடிக்காத தோட்டா தாண்டிப் போய்விடும், இல்லையென்றால் ட்ரிக்கர் சிக்கிக்கொள்ளும். ஹேமரைக் கட்டைவிரலால் இழுத்து வைத்துச் சுடுவது ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் களத்தில், அட்டைக்கு அழகாக இருக்கும். நடுங்குகிற கையில் ஒன்றரை, இரண்டு கிலோ ட்ரிக்கர் ஆபத்து, சுடாமல் ஹேமரை மெல்ல இறக்குவது அதைவிட ஆபத்து. பழகுவதெல்லாம் டபுள் ஆக்‌ஷனில் பழகுங்கள்.

கண் முன்குறியில் இருக்க வேண்டும். இலக்கு கொஞ்சம் மங்கட்டும். பெரும்பாலான குட்டை ரிவால்வர்களில் முன்குறி கறுப்பு மேட்டில் கறுப்புத் தகடு, சாயங்கால வெளிச்சத்தில் தெரியவே தெரியாது. ஸ்பிரிட்டால் எண்ணெய் போகத் துடைத்து, வெள்ளை நெயில் பாலிஷ் ஒரு பூச்சு, காய்ந்ததும் அதன்மேல் ஆரஞ்சு ஒரு பூச்சு. நாற்பது வயதைத் தாண்டிய கண்ணுக்கு இந்தப் பத்து நிமிட வேலை எவ்வளவோ உதவும்.

தோட்டா விலை உயர்ந்தது, லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைக்குமேல் கிடைக்காது. ஆகவே பயிற்சியில் பெரும்பகுதி காலித் துப்பாக்கியில்தான். தோட்டாக்களை எண்ணி வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். திரும்பி வந்து சிலிண்டரைத் திறந்து கண்ணாலும் விரலாலும் பாருங்கள். செங்கல் சுவரை நோக்கியே நில்லுங்கள். தட்டி, ஓலை, தகரச் சுவர் வேண்டாம், அதன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. முப்பது, நாற்பது இழுப்பு போதும், கை அசந்தபின் செய்வதெல்லாம் கெட்ட பழக்கத்துக்குத்தான் பயிற்சி. சிலிண்டருக்கு மேலே உள்ள பட்டையில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, ஹேமர் விழும்போது காசு விழாமல் இழுக்கப் பாருங்கள். சிலிண்டரில் தோட்டா உட்காரும் துளைகளான அறைகளில் பொய்த்தோட்டா இருந்தால் நல்லது, இல்லையென்றால் சுட்ட காலிக்கூடுகளைப் போட்டுக்கொள்ளலாம். .22 துப்பாக்கியில் மட்டும் வெறும் அறையில் இப்படிச் செய்யக் கூடாது. தோட்டாவை அடிக்கும் ஊசி அறையின் விளிம்பில் அடித்துப் பள்ளமாக்கிவிடும். முடிந்ததும் துப்பாக்கியை உள்ளே வைத்துவிட்டு எழுந்து போங்கள். "இன்னும் ஒரு தடவை" என்று தோட்டா போட்டபின் இழுத்துச் சுவரில் ஓட்டை போட்டவர்கள் உலகம் முழுக்க உண்டு.

நிஜத் தோட்டாவுக்கு ரைபிள் கிளப் ரேஞ்ச்தான் இடம். முதல் தடவை இருபது தோட்டா போதும். மூன்று மீட்டரில் ஐந்து, ஐந்து மீட்டரில் பத்து, ஏழு மீட்டரில் ஐந்து. ஐந்து மீட்டரில் எல்லாம் உள்ளங்கைக்குள் வரும்வரை பத்து மீட்டருக்குப் போக வேண்டாம். பிரபல் ஐம்பது மீட்டர் போகும் என்று விளம்பரம் சொல்வது தோட்டாவின் கதை, கையின் கதை வேறு. சிலிண்டரில் நான்கு தோட்டாவும் இரண்டு காலிக்கூடும் கலந்து போட்டு, எது எங்கே என்று பார்க்காமல் மூடிச் சுடுங்கள். காலிக்கூடு வரும்போது முனை கீழே குத்துகிறதா? அதுதான் வெடிக்கு முன்பே வரும் பயம். அது போனால் பாதிக் குறி சரியாகிவிடும். எல்லாத் தோட்டாவும் ஒரே இடத்தில், ஆனால் நினைத்த இடத்துக்கு மேலேயோ கீழேயோ கூடினால் அது தோட்டாவின் எடை. குறியை நகர்த்தித் திருத்த முடியாத துப்பாக்கியில் கனமான தோட்டா சற்று மேலே விழும், ஏனென்றால் குழலைவிட்டு வெளியேற அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது, அதற்குள் முனை கொஞ்சம் தூக்கிவிடுகிறது. காதுக்கு மூடி கட்டாயம். குட்டைக் குழலில் வெடி முகத்துக்கு அருகில் நடக்கிறது, 140 டெசிபலுக்கு மேல் போகும்.

கடற்கரையில் ஆளில்லாத இடம் பார்த்துத் தண்ணீரை நோக்கிச் சுடலாம் என்ற நினைப்பே வேண்டாம். சட்டம் ஒரு பக்கம். தாழ்ந்த கோணத்தில் போகும் தோட்டா தண்ணீரில் தவ்விப் போகும், கரைவலை இழுக்கிறவர் எங்கே நிற்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. பனைமரத்தில் சுட்டால் மெதுவாகப் போகும் ஈயத் தோட்டா திரும்பி வரவும் கூடும்.

தோட்டா போடுவது, எடுப்பது. மடிந்து திறக்கும் வகையில் திறக்கும்போதே நடுவிலுள்ள நட்சத்திரத் தகடு எழும்பிக் கூடுகளைத் தள்ளும். அரைகுறையாகத் திறந்தால் ஒரு கூடு நட்சத்திரத்துக்கு அடியில் நழுவி உட்கார்ந்துகொள்ளும், பிறகு திறக்கவும் முடியாது மூடவும் முடியாது. துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரே வீச்சில் முழுக்கத் திறந்தால் கூடுகள் கீழே விழுந்துவிடும். சிலிண்டர் வெளியே வரும் வகையில் வேறு சிக்கல். குழல் குட்டை என்பதால் தள்ளுதண்டும் குட்டை, கூடுகளை முழுதாக வெளியே தள்ளாது. முனையை வானம் பார்க்கத் தூக்கி, உள்ளங்கையால் தண்டை ஒரே அடி. மெல்ல அமுக்கினால் கூடு பாதியில் நிற்கும். முனை மேலே இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: எரியாத வெடிமருந்துத் துகள் நட்சத்திரத்துக்கு அடியில் போகாது. அங்கே இரண்டு துகள் சேர்ந்தாலே நட்சத்திரம் சரியாக உட்காராமல் சிலிண்டர் இறுகும், ட்ரிக்கர் கல்லாகும். சினிமாவில்போல மணிக்கட்டை உதறிச் சிலிண்டரை மூடுவது அந்தத் துப்பாக்கிக்குச் செய்யும் துரோகம். சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை வளைந்து, அறையும் குழலும் நேர்கோட்டில் நிற்காமல் போகும்.

வெடிக்காத தோட்டா வந்தால் ரேஞ்சில் முனையை இலக்கை நோக்கியே முப்பது விநாடி வைத்திருங்கள், தாமதித்து வெடிப்பது உண்டு. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மறுபடி ட்ரிக்கரை இழுத்தால் அடுத்த தோட்டா வந்துவிடும், ரிவால்வரின் பெரிய பலம் அது. ஆனால் 'டப்' என்று அமுங்கிய சத்தம், உதையே இல்லை என்றால் உடனே நிறுத்துங்கள். தோட்டா குழலுக்குள் நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது கிழியும். ஈரம் பட்ட பழைய தோட்டாக்களில் இது நடக்கும், நம் கரையில் ஈரத்துக்குப் பஞ்சமா?

ட்ரிக்கர் கனமாக இருக்கிறது என்று ஸ்பிரிங்கை வெட்டுகிறவர்களிடம் கொடுக்காதீர்கள். ஹேமரின் அடி பலவீனமாகி, தோட்டாவின் அடியில் மருந்துக்குத் தீ மூட்டும் பிரைமர் வெடிக்காமல் போகும்.

இனி வைத்துக்கொள்வது. 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி அதற்கென்று செய்த உறையில் இருக்க வேண்டும், முழுக்க மறைந்திருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். சட்டைக்கு மேல் தெரிய மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போவது கௌரவம் இல்லை, விதிமீறல். கொண்டாட்டத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2019 சட்டத் திருத்தப்படி இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம்வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

வேட்டி கைலிதான் உண்மையான சிக்கல். மடியில் சொருகுவதை முதலில் விட்டுவிடுங்கள். மடி எப்போது அவிழும் என்று கட்டியவருக்கே தெரியாது, ட்ரிக்கரைத் துணி சுற்றிக்கொள்ளும், குனிந்து கூடையைத் தூக்கினால் துப்பாக்கி தரையில். வியாபாரிகள் கட்டுகிற பை வைத்த பச்சை பெல்ட்டின் பைக்குள்ளும் வேண்டாம். தோல் இளகியது, ட்ரிக்கரைச் சுற்றியுள்ள வளையமான ட்ரிக்கர் காவலுக்கு மேல் விறைப்பான மறைப்பு கிடையாது, சில்லறையும் சாவியும் அங்கேதான் போகும். அந்த பெல்ட் தடிமனாக, இடுப்பில் ஆடாமல் நிற்பதாக இருந்தால் அதன்மேல் தனி உறையைக் கோக்கலாம். வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால், மேலே தளர்ந்த சட்டை. பணம் எடுத்துப்போகும் நாளில் மட்டும் பேன்ட் போடுவது இதைவிட எளிய வழி, யாரும் சிரித்துவிடப் போவதில்லை.

உறைக்கு மூன்று சோதனை. ட்ரிக்கர் காவலை முழுவதும் மூட வேண்டும், வெளியிலிருந்து அமுக்கினால் உள்ளே ட்ரிக்கர் அசையக் கூடாது. காலித் துப்பாக்கியை வைத்துத் தலைகீழாக உதறினால் விழக் கூடாது. எடுத்தபின் வாய் சுருங்காமல் ஒரு கையால் திரும்ப வைக்க முடிய வேண்டும். பேன்ட் பையில் வைக்கிறவர் பைக்கென்றே தைத்த உறையோடு வைக்க வேண்டும், அந்தப் பையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. சாவி, தீப்பெட்டி, பாக்குப் பொட்டலம் எதுவுமே. கைப்பையில் வைக்கும் பெண்கள் தனி அறை உள்ள பையாகப் பார்க்க வேண்டும், பையைக் கடை மேசையில் விட்டுவிட்டு நகரும் பழக்கமும் போக வேண்டும். பையைப் பறித்தால் துப்பாக்கியும் சேர்ந்து போகும். டூவீலரில் போகிறவர் வண்டியின் பெட்டியில் வைக்கக் கூடாது, வெயிலில் நிற்கும் கார் டேஷ்போர்டிலும் கூடாது.

எடுக்கும் பழக்கத்தையும் காலித் துப்பாக்கியில் செய்யுங்கள். இடது கை சட்டையை நெஞ்சுவரை தூக்கும், வலது கை உறைக்குள்ளேயே முழுப்பிடி பிடிக்கும், ஆள்காட்டி விரல் நேராகத் துப்பாக்கியின் உடற்சட்டத்தின்மேல். முனை உங்கள் இடது கையைக் கடக்காமல் முன்னால் போக வேண்டும். திரும்ப வைப்பதில் அவசரமே கிடையாது. குனிந்து பார்த்து, துணி உள்ளே மடங்கியிருக்கிறதா என்று கவனித்து, மெதுவாக வையுங்கள். தன் காலிலேயே சுட்டுக்கொண்ட கதை பலவும் இங்கேதான் நடக்கிறது.

பழைய துப்பாக்கியில் ஹேமருக்கும் பிரைமருக்கும் நடுவே தடுப்பு இருக்கிறதா என்பதைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் ஹேமருக்கு அடியில் உள்ள அறை காலியாக இருக்க வேண்டும், ஆறு அறையில் ஐந்து தோட்டா. சிலிண்டர் எந்தப் பக்கம் சுற்றும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கோல்ட், வெப்லி வகை பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்று, ஸ்மித் அண்ட் வெசன் எதிர்ச்சுற்று.

எங்கே கொண்டு போகக் கூடாது? கோயில், தர்கா விழாக் கூட்டம், மது இருக்கும் இடம், படகு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அங்கே அனுமதியின்றி ஆயுதத்தோடு கால் வைப்பது வன உயிரினச் சட்டப்படி குற்றம். கடலில் கடலோரக் காவல்படையும் கடற்படையும் சோதிக்கும், எல்லைக் கோடு பக்கத்தில் இருக்கிறது, லைசென்ஸ் காகிதம் அங்கே காக்காது. தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்வார்கள், ரசீது வாங்கி வையுங்கள். செப்டம்பர் 11 பரமக்குடி, அக்டோபர் 30 பசும்பொன் நிகழ்வுகளை ஒட்டி மாவட்டத்தில் தடை உத்தரவு வருவது வழக்கம், அந்த நாட்களில் உத்தரவைப் படிக்காமல் இடுப்பில் மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம். லைசென்ஸ் எந்த எல்லைவரை செல்லும் என்பதையும் பாருங்கள். பணத்தைப் பறித்துக்கொண்டு முதுகைக் காட்டி ஓடுகிறவனைச் சுட்டால் தற்காப்பு என்று சொல்ல முடியாது. பாரதிய நியாய சம்ஹிதா 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளை ஒரு வக்கீலோடு உட்கார்ந்து படித்துவிடுங்கள். இடையில் ஒன்று: ஏலப் பணத்தில் பாதியை வங்கி வழியாக வாங்கினால் இந்தத் தலைவலியில் பாதி போய்விடும்.

இனி உப்பு. வாடைக் காற்றிலும் கச்சான் காற்றிலும் நம் வீட்டு ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று பார்க்கிறோம். துப்பாக்கியின் நீலக்கறுப்பு மெருகு துருவைத் தடுக்கும் வண்ணப்பூச்சு கிடையாது, எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மெல்லிய படலம், அவ்வளவுதான். இடுப்பில் வியர்வை, காற்றில் உப்பு, போதாததற்குக் கருவாடு அளந்த கை. துப்பாக்கியைத் தொடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது இந்தத் தொழிலில் இருப்பவருக்கு முதல் பராமரிப்பு.

துரு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தொடங்காது. பிடிப்பலகைக்கு அடியில், திருகாணித் தலையின் காடியில், நட்சத்திரத்துக்கு அடியில், ஹேமர் உள்ளே போகும் பிளவில், உறையின் தோல் ஒட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தில் தொடங்கும். தோல் உறை வியர்வையையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் அதில் இருக்கும். ஆகவே வீட்டுக்கு வந்ததும் உறை தனி, துப்பாக்கி தனி. உறையோடு பெட்டியில் வைத்து ஒரு மழைக்காலம் விட்டால் உறையின் அச்சு துருவாகத் துப்பாக்கியில் பதிந்திருக்கும்.

வெளியே கொண்டுபோன ஒவ்வொரு நாளும் இரவில் தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கி எண்ணெய் தொட்ட பழைய வேட்டித் துணியால் வெளிப்புறம் முழுக்கத் துடையுங்கள். வாரம் ஒருமுறை சிலிண்டர் அறை, குழல், நட்சத்திரத்தின் அடி. பழைய பல்துலக்கும் பிரஷ் அந்த இடத்துக்குப் போதும். மாதம் ஒருமுறை பிடிப்பலகையின் திருகாணியைச் சரியான அளவு திருப்புளியால் கழற்றி, உள்சட்டத்தைத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். சுட்ட நாளில் அன்றைக்கே .32 அளவு பித்தளை பிரஷ்ஷால் குழலையும் ஆறு அறையையும் பத்துப் பத்துத் தடவை. ஈயத் தோட்டாவின் படிவு குழலின் வாயில், சிலிண்டரை ஒட்டிய கூம்பில் சேரும், அங்கே கூடுதல் கவனம். கழுவ மண்ணெண்ணெய் ஆகும், ஆனால் அது காப்பு இல்லை, காய்ந்ததும் எண்ணெய் பூசியாக வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசின்போல ஒட்டிக்கொண்டு உள்வேலையை இறுக்கும். அறைகளுக்குள் எண்ணெயைத் தேங்கவிடாமல் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டே தோட்டா போடுங்கள். எண்ணெய் பிரைமருக்குள் ஊறினால் வெடிக்காது. ஊடுருவும் ஸ்ப்ரே எண்ணெய்களை, டபிள்யூ.டி. 40 போன்றவற்றை, தோட்டா உள்ளே இருக்கும்போது அடிக்கவே கூடாது.

தோட்டாவைத் தோல் வளையத்தில் செருகி வைத்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு ஏறியது அறைக்குள் முழுதாகப் போகாமல் சிலிண்டரை மாட்டவைக்கும். இடுப்பில் இருந்த ஆறையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ரேஞ்சில் சுட்டுவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளுங்கள், பயிற்சிக்கும் ஆயிற்று. மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, துப்பாக்கியிலிருந்து தனியாகப் பூட்டி வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் அதை மட்டும் வெறும் சட்டியில் சூடாக்கி உலர்த்திக்கொள்ளலாம்.

துப்பாக்கி கடல்நீரில் நனைந்துவிட்டால் காயவிடாதீர்கள், காய்ந்தால் உப்பு உள்ளே படியும். தோட்டாவை எடுத்துவிட்டு, பிடிப்பலகையைக் கழற்றி, நல்ல தண்ணீரில் நன்றாக அலசி, துணியாலும் காற்றாலும் உலர்த்தி, எண்ணெயை உள்ளே ஓடவிட்டு, அந்த வாரத்துக்குள் லைசென்ஸ் பெற்ற மெக்கானிக்கிடம் கொடுத்து உள்ளே பிரித்துத் துடைக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு போர்த்தண்ணீர் கரித்தால் கேன் தண்ணீர் வாங்கி அலசுங்கள். நனைந்த தோட்டாவை இனி நம்ப வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். எண்ணிக்கை உங்கள் பெயரில் இருக்கிறது, டீலரிடம் ஒப்படைத்துக் கணக்கில் காட்டுங்கள்.

கடைசியாக எதை வாங்குவது. உங்கள் நிலைமைக்கு, பேன்ட்டும் நல்ல பெல்ட்டும் ஒத்துவரும் என்றால் 700 கிராம் பிரபல். அந்த எடை ட்ரிக்கர் இழுப்பில் உங்கள் பக்கம் நிற்கும், சிலிண்டர் பக்கவாட்டில் வருவதால் நட்சத்திரத்தின் அடியைத் துடைப்பதும் எளிது. எடையே பொறுக்காது, பையில்தான் வைப்பேன் என்றால் நிர்பீக். டைட்டானியம் கலவை உப்புக்கு அசைந்து கொடுக்காது, ஆனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் ஊசியும் எஃகுதான், எண்ணெய்த் துணிக்கு விடுமுறை இல்லை. பழையது கைமாறி வந்தால் மூன்றைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே 0.3 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் வேண்டாம். காலித் துப்பாக்கியில் சிலிண்டரை விரலால் இலேசாகத் தடுத்துக்கொண்டு ஹேமரை மெல்ல இழுக்கும்போது, ஹேமர் நிற்கும் முன்பே சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். மடிந்து திறக்கும் வகை என்றால் மூடியபின் குழலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பூட்டு ஆடினால் எவ்வளவு மெருகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.